பழைய தேக்கு மேஜைக்குப் பக்கத்தில் புது நாற்காலி: பாலிஷ் நிறம் சேர என்ன செய்வது

வீட்டில் ஏற்கனவே இருக்கும் மரச்சாமானோடு சேரும்படி புதுச் சாமானுக்குப் பாலிஷ் போட வேண்டும் என்றால், பெரும்பாலோர் நேராகப் போய் நிற்பது பெயிண்ட் கடையில். ஷேடு கார்டைப் பிரித்து, போனில் எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'டீக்' என்றோ 'வால்நட்' என்றோ எழுதிய டப்பாவை வாங்கி வந்துவிடுகிறார்கள். நான் காரைக்குடியில் பழைய மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். அப்படி வாங்கிப் பூசியதைச் சுரண்டி எடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. ஒரு கம்பெனியின் வால்நட்டும் இன்னொரு கம்பெனியின் வால்நட்டும் ஒன்றாக இருக்காது. ஒரே டப்பா தேக்கில் ஒரு நிறமும் ரப்பர் மரத்தில் வேறு நிறமும் காட்டும். டப்பா கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் பழைய சாமானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்கு சாதாரணமாகப் புழங்கும். செட்டியார்கள் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்த மரம். அப்படி ஒரு வீட்டில் ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை இருந்தது. அதன் நாற்காலிகள் பாகப்பிரிவினையில் வேறு வீட்டுக்குப் போய்விட்டன. அந்த வீட்டு ஆச்சி கானா தேக்கில் புதிதாக நாலு நாற்காலி செய்யச் சொல்லி, "தம்பி, மேஜையும் நாற்காலியும் ஒண்ணாச் செஞ்ச மாதிரி இருக்கணும்" என்றார்கள். இரண்டும் தேக்குதான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேஜை தேன் கலந்த செம்பழுப்பு, நாற்காலி வெளிறிய மஞ்சள். நடுநடுவே பச்சை ஓடிய கோடுகள் வேறு.

முதல் வேலை, பழையதைத் துடைப்பது. பல வருஷத்து எண்ணெய்க் கை, அடுப்புப் புகை, எப்போதோ தேய்த்த மெழுகு எல்லாம் சேர்ந்து பாலிஷுக்கு மேல் ஒரு பழுப்புப் படலமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து நிறம் கலந்தால் அழுக்குக்கு நிறம் கலந்ததாகிவிடும். பிறகு யாராவது மேஜையை நன்றாகத் துடைத்த அன்றைக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். டர்பன்டைனில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மர ரேகை ஓடும் திசையில் துடையுங்கள். டர்பன்டைன் பெரும்பாலான பழைய பாலிஷை ஒன்றும் செய்யாது. மெழுகையும் எண்ணெயையும் மட்டும் எடுக்கும். துணி கறுக்கும். கறுப்பது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஆச்சி வீட்டு மேஜை துடைத்த பிறகு ஒரு படி வெளுத்தது. அவர்களே குனிந்து பார்த்துவிட்டு, "இதுவா நம்ம மேஜை?" என்று கேட்டார்கள்.

இப்போது மேலே இருப்பது என்ன பாலிஷ் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மேஜைக்கு அடியிலோ, இழுப்பறைக்குப் பின்னாலோ, கண்ணில் படாத, ஆனால் பாலிஷ் போட்டிருக்கிற ஒரு இடம் போதும். காது குடையும் பஞ்சுக் குச்சியை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிஷம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, பஞ்சில் நிறம் ஏறினால் அது பிரெஞ்ச் பாலிஷ். அதாவது அவலரக்கை (ஷெல்லாக் என்கிற அரக்குப் பிசின்) ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்டது. ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த குச்சியை என்.சி. தின்னரில் (லாக்கர் பூச்சைக் கரைக்கும் திரவம்) நனைத்து வையுங்கள். இளகினால் லாக்கர். தோல் மாதிரி சுருங்கி எழும்பினால் பழைய எண்ணெய் வார்னிஷாக இருக்கலாம். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் அது மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) என்கிற கெட்டியான பூச்சு. சோதிக்கும் வரிசையை மாற்றாதீர்கள். தின்னர் அவலரக்கையும் இளக்கிவிடும் என்பதால் முதலில் தின்னர் வைத்தால் எது எது என்று தெரியாது. இன்னொன்று: ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மரம் அதைக் குடித்துவிட்டால் அங்கே பாலிஷே இல்லை, மிஞ்சினால் எண்ணெய்தான் பூசியிருக்கும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நிறத்தில் பாதி மரத்தில் இல்லை, மேலே இருக்கும் படலத்தில் இருக்கிறது. அவலரக்கு தானே ஆரஞ்சு சாயல் கொண்டது. ஒவ்வொரு கை (பூச்சு) போடப் போட அந்தச் சாயல் ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் வார்னிஷ் வருஷம் ஆக ஆக மஞ்சளாகும். தண்ணீர் கலந்து பூசும் பி.யு. கண்ணாடி மாதிரி நிறமற்று நிற்கும், அப்படியே இருக்கும். பழைய பிரெஞ்ச் பாலிஷ் மேஜைக்குப் பக்கத்தில் நிறமற்ற பி.யு. போட்ட நாற்காலியை வைத்தால், அடியில் ஸ்டெயின் (மரத்தில் ஊறி நிறம் ஏற்றும் சாயம்) எவ்வளவு சரியாக இருந்தாலும் நாற்காலி சோகை பிடித்த மாதிரிதான் தெரியும். ஆச்சி வீட்டு மேஜையில் ஸ்பிரிட் வைத்ததும் பஞ்சு ஆரஞ்சு ஆனது. பிரெஞ்ச் பாலிஷேதான்.

அடுத்து, மேஜையின் எந்த முகத்தோடு சேர்ப்பது? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மேஜையின் மேல்பலகை ஒரு நிறம், ஜன்னல் வெயில் படும் பக்கம் ஒரு நிறம், கால் ஒரு நிறம். நாற்காலி நிற்கப் போவது காலுக்கும் மேல்பலகைக்குக் கீழே ஓடும் சட்டத்துக்கும் பக்கத்தில். கண் சேர்த்துப் பார்க்கப் போவதும் அந்த இரண்டையும்தான். அதனால் நாற்காலிக்கு அளவுகோல் மேஜைக்கால், மேல்பலகை இல்லை. அலமாரிக்குப் பக்கத்தில் புத்தக அலமாரி வைக்கப் போகிறீர்கள் என்றால் பக்கப் பலகையைப் பாருங்கள். கட்டிலுக்குச் சின்ன மேஜை என்றால் கட்டிலின் தலைமாட்டுப் பலகையை.

சரி, புது மரத்துக்கு வருவோம். தேக்கு வாங்கும்போது தோட்டத் தேக்கா, காட்டுத் தேக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். கானா போன்ற நாடுகளிலிருந்து வருவது பெரும்பாலும் தோட்டத்தில் வேகமாக வளர்ந்தது. வளையங்கள் அகலமாக இருக்கும், நிறம் வெளிறியிருக்கும், 'வெள்ளை' அதிகம் இருக்கும். வெள்ளை என்று ஆசாரிகள் சொல்வது மரத்தின் வெளிப்பக்கத்து இளம் பகுதியை. உள்ளே இருப்பது வைரம். வெள்ளைப் பகுதி என்றைக்கும் வைரத்தின் நிறத்துக்குத் தானாக வராது. ஆசாரியிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் வெள்ளை உள்ள பக்கத்தை அடியிலோ உள்ளேயோ போகும்படி அறுத்துத் தருவார். பாலிஷ் போடுகிறவனிடம் வந்த பிறகு அதைச் சரிசெய்வது தனி வேலை.

அப்புறம், புதுத் தேக்குக்கு உடனே ஸ்டெயின் போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இழைப்புளி போட்ட தேக்கு பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். பயந்துபோய் அதை மறைக்க அடர்த்தியாக ஸ்டெயின் ஏற்றுவார்கள். வெயிலில் வைத்தால் அந்தத் திட்டுகள் தானாகவே அடங்கி, மரம் முழுக்க ஒரே பொன் பழுப்புக்கு வரும். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த நிறம் மேல்தோலில் மட்டும் வருவது. பிறகு உப்புத்தாள் போட்டால் போய்விடும். ஆகவே முதலில் 120, 180, 240 எண் என்று (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) உப்புத்தாள் வேலையை முழுக்க முடித்துவிட்டு வெயிலில் வையுங்கள். சித்திரை மாதத்து உச்சி வெயில் வேண்டாம், பலகை நெளியும். காலை வெயில் போதும். எல்லாப் பக்கமும் படும்படி திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், ஏதாவது ஒன்று மேலே கிடந்தால் அதன் அச்சு வெளுப்பாக அப்படியே நிற்கும். ஆச்சி வீட்டு நாற்காலிகள் மொட்டை மாடியில் கிடந்தே மேஜை நிறத்துக்குப் பாதி தூரம் வந்துவிட்டன. எல்லா மரமும் இப்படி இல்லை. பலா மஞ்சளாக ஆரம்பித்துச் செம்பழுப்புக்குப் போகும். மஹாகனி கறுக்கும். ஈட்டி மரம் எதிர்த்திசை: வெயில் பட்டால் வெளுக்கும்.

இதே காரணத்தால், தேக்கில் ஸ்டெயின் போடும்போது பழைய சாமானின் நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அச்சு அசலாகச் சேர்த்துவிட்டால், அடியில் இருக்கும் புது மரம் இன்னும் கறுத்து நாளைக்குத் தாண்டிப் போய்விடும்.

இனி மாதிரிப் பலகை. இது இல்லாமல் நான் எந்த வேலையையும் தொடுவதில்லை. நாற்காலி செய்த அதே மரத்தின் துண்டு, ஒரு அடி நீளமாவது வேண்டும். ஆசாரியிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுப்புக்குப் போய்விடும். நாற்காலிக்குப் போட்ட அதே உப்புத்தாளை, அதே எண் வரைக்கும் இதற்கும் போட வேண்டும். நாற்காலியை 180-இல் நிறுத்தி, மாதிரியை 320 வரை தேய்த்தால் மாதிரி ஸ்டெயினைக் குறைவாகக் குடித்து வெளுப்பாக நிற்கும். துண்டும் நாற்காலியோடு சேர்ந்து வெயிலில் கிடந்திருக்க வேண்டும். பிறகு பலகையின் குறுக்கே மாஸ்கிங் டேப்பால் பட்டை பட்டையாகப் பிரியுங்கள். முதல் பட்டை வெறும் மரம், இரண்டாவது ஸ்டெயின் மட்டும், மூன்றாவது ஸ்டெயினும் இரண்டு கை பாலிஷும், நான்காவது கடைசிப் பளபளப்பு வரை. இதை மேஜைக்காலில் சாய்த்து வைத்துப் பார்த்தால் எந்தப் படியில் நிறம் விலகிப் போகிறது என்று கண் முன்னால் தெரியும்.

ஸ்டெயின் ஈரமாக இருக்கும்போது அழகாகச் சேர்ந்த மாதிரி தெரியும். காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிடும். பயப்பட வேண்டாம், மேலே பாலிஷ் ஏறியதும் ஏறத்தாழ ஈரத்தில் பார்த்த நிறம் திரும்பி வரும். காய்ந்த ஸ்டெயினைப் பார்த்து "பத்தவில்லை" என்று இன்னொரு கை போடுகிறவர்கள்தான் மேஜையைவிடக் கறுத்த நாற்காலியோடு முடிப்பார்கள். வெறும் மரத்தின் மேல் ஸ்பிரிட் துணியால் ஒரு துடை துடைத்தால், பாலிஷ் போட்டால் மரம் எப்படித் தெரியும் என்று அந்த ஈரம் காயும்வரை பார்த்துக்கொள்ளலாம். ஸ்டெயின் தேவையா இல்லையா என்பதையே பல நேரம் இந்தத் துடைப்பு சொல்லிவிடும்.

நிறம் கலப்பதற்கு நான் ரெடிமேட் ஸ்டெயினையும் எடுப்பேன், பொடியையும் எடுப்பேன். பொடி என்றால் மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), கொஞ்சம் கறுப்பு. இந்த நாலு இருந்தால் தேக்கிலிருந்து ஈட்டி வரை ஒப்பேற்றலாம். எது குறைகிறது என்று பார்க்கும் முறை எளிது. மாதிரியில் பச்சை தூக்கலாக இருந்தால் சியன்னா சேருங்கள், அதன் சிவப்பு பச்சையை அமுக்கும். சிவப்பு கூடிவிட்டால் அம்பர். மஞ்சளாக இருந்தால் அம்பரும் துளி சியன்னாவும். கறுப்பை விரல் நுனியளவுக்கு மேல் தொடாதீர்கள்; அது நிறத்தை அடர்த்தியாக்குவதைவிட அழுக்காக்குவதுதான் அதிகம். கலந்ததை ஒரு கரண்டி எடுத்துச் சோதித்து, சேர்த்த அளவை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட்டில் கரையும் சாயங்கள் பளிச்சென்று அழகாக இருக்கும், ஆனால் அவற்றில் பல வெயில் படும் இடத்தில் வெளிறிவிடும். ஜன்னலோரச் சாமானுக்குக் காவிப் பொடிதான் நிற்கும்.

நாற்காலிகளில் வெள்ளை இருந்த இடங்களுக்கு மட்டும் நீர்த்த மஞ்சள் காவி, அம்பர் கலவையைச் சின்னத் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஏற்றி, வைரத்தோடு ஓரத்தை மங்கவிட்டேன். அது காய்ந்த பிறகுதான் முழு நாற்காலிக்கும் ஸ்டெயின். கால் முனை, கை முனை போன்ற வெட்டு முகங்கள் ஸ்டெயினை அதிகமாகக் குடித்துக் கறுக்கும். அந்த இடங்களில் முதலில் நீர்த்த அவலரக்கை ஒரு கை போட்டுவிட்டால் அடங்கும்.

நிறம் சேர்ந்தும் 'என்னவோ சேரவில்லையே' என்று தோன்றினால் மர ரேகையின் துவாரங்களைப் பாருங்கள். பழைய பிரெஞ்ச் பாலிஷ் மேஜைகளில் பெரும்பாலும் துவாரத்தை அடைத்துத்தான் பாலிஷ் ஏற்றியிருப்பார்கள். விரலை ஓட்டினால் வழவழவென்று போகும். புதுத் தேக்கில் துவாரம் திறந்திருந்தால், வெளிச்சம் அதில் உடைந்து வேறு நிறமாகத் தெரியும். அடைப்பதற்குச் சாக் பவுடரில் காவி கலந்து லின்சீட் எண்ணெய் விட்டுப் பிசைந்து, ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்து, மிச்சத்தைச் சாக்குத் துணியால் துடைத்துவிட வேண்டும். நிறத்தை மரத்தைவிட ஒரு படி கறுப்பாகவே கலக்குங்கள். வெளுப்பாக விட்டால் வருஷங்கள் கழித்துத் துவாரமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பல பழைய பீரோக்களில் இதைப் பார்க்கலாம். லின்சீட் எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

மேல் பூச்சு எது? பழையது பிரெஞ்ச் பாலிஷ் என்றால் புதியதற்கும் அதுவேதான் எனக்குப் பிடித்தது. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அவலரக்கு. ராத்திரி ஊறவைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டு, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டினால் தயார். கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், பழையதானால் காயாமல் பிசுபிசுக்கும். பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, நனைத்து, மெல்லிய கையாகப் போட வேண்டும். ஒவ்வொரு கையும் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். நிறம் சேர்க்கும் வேலைக்கு இதைவிடப் பொறுமையான பூச்சு வேறில்லை. மழை நாளில் மட்டும் வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வெள்ளை பூக்கும். லாக்கருக்கும் இதே தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்க்காரர்கள் நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் காத்திருப்பது நல்லது.

ஆனால் பிரெஞ்ச் பாலிஷ் சூட்டையும் தண்ணீரையும் தாங்காது. சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். நாற்காலிக்குப் பரவாயில்லை. சாப்பாட்டு மேஜையின் மேல்பலகையையே புதிதாகச் செய்கிறீர்கள் என்றால் மேலே பி.யு. தேவைப்படும். அப்போது அந்தத் தேன் நிறத்துக்கு என்ன வழி? மெழுகு நீக்கிய அவலரக்கை முதலில் இரண்டு மூன்று கை போட்டு, அந்தச் சாயலை ஏற்றிக்கொண்டு, அதன் மேல் பி.யு. போடலாம். மெழுகு நீக்கியது என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண அவலரக்கின் மேல் பி.யு. சரியாகப் பிடிக்காமல் பின்னால் உரியலாம். பி.யு.வை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் எவ்வளவு என்பதில் டப்பாவில் எழுதியிருக்கும் அளவைத் தவிர யார் சொல்வதையும் கேட்காதீர்கள். ஸ்பிரே அடித்தால் அதற்குரிய வடிகட்டி உள்ள முகமூடி போடாமல் நிற்கவே கூடாது. துணி கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

கடைசியாகப் பளபளப்பு. நிறம் ஒன்றாக இருந்தும் ஒன்று மின்னி ஒன்று மங்கினால் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். பழைய மேஜையில் பல வருஷத் துடைப்பில் வந்த ஒரு மிதமான பளபளப்பு இருக்கும். பி.யு., மெலமைன் என்றால் கிளாஸ், சாட்டின், மேட் என்று கடையிலேயே பார்த்து வாங்கலாம். பிரெஞ்ச் பாலிஷ் என்றால் முழுப் பளபளப்புக்கு ஏற்றி, நன்றாகக் காயவிட்டு, 0000 எண் ஸ்டீல் ஊலை (மிக நைசான இரும்பு நார்) கொஞ்சம் மெழுகில் தொட்டு, ரேகையோடு லேசாகத் தேய்த்து மங்கவைக்கலாம். ஆச்சி வீட்டு நாற்காலிகளுக்கு அதைத்தான் செய்தேன். மேஜைக்கும் துடைத்த கையோடு அதே மெழுகை ஒரு முறை தேய்த்தேன். இரண்டுக்கும் ஒரே மெழுகு என்றால் வெளிச்சம் ஒரே மாதிரி படும்.

மாதிரியைக் கடையிலோ பட்டறையிலோ வைத்து முடிவு செய்யாதீர்கள். சாமான் நிற்கப் போகும் அறையில், பகலில் ஒரு முறையும் ராத்திரி விளக்கில் ஒரு முறையும் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி.யில் சேர்ந்த நிறம் மஞ்சள் விளக்கில் பிரிந்து தெரியலாம். மாதிரியைச் சாமான் நிற்கிற வாக்கிலேயே பிடிக்க வேண்டும். படுக்க வைத்த பலகையும் நிமிர்த்தி வைத்த பலகையும் ஒரே நிறமாகத் தெரியாது.

சில ஜோடிகளைச் சேர்க்கவே முயலாதீர்கள் என்பேன். ஈட்டி மர ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ரப்பர் மர அலமாரி வைத்து, அதைக் கறுப்படித்து ஈட்டியாக்கப் பார்த்தால் இரண்டின் அழகும் போகும். ரப்பர் மரத்தை அதன் வெளிர் நிறத்திலேயே விட்டுவிடுங்கள். நன்றாக விலகி நிற்கும் இரண்டு நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கும். கிட்டத்தட்ட வந்து சேராமல் நிற்பதுதான் உறுத்தும். அதேபோல மேல்தகடு ஒட்டிய பிளைவுட் சாமானை உப்புத்தாள் போட்டு நிறம் மாற்ற நினைத்தால் ஜாக்கிரதை. தகடு காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நாலு இழுப்பில் அடிப்பலகை தெரிந்துவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

மாதிரிப் பலகையைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத்தில் என்ன மரம், எந்த உப்புத்தாள், எந்தப் பொடி எத்தனை கரண்டி, எத்தனை கை பாலிஷ் என்று பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். ஆச்சி அதை மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாற்காலி செய்ய வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த புதுச் சாமானின் மேல் உடனே பிளாஸ்டிக் விரிப்பையோ மெத்தையையோ போட வேண்டாம். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக நாளாகும். அதற்குள் விரிப்பின் அச்சு பாலிஷில் பதிந்துவிடும். இரண்டு வாரமாவது காற்றோட்டமாக விடுங்கள், சமையலறைப் புகை படாத இடமாக.